அக்காவை உட்கார வைத்த விசில்

என் நெட்டை அக்கா கஸ்தூரிக்கு,

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கேம்ப்பிலிருந்து போன் செய்தால் நீ முதலில் கேட்பது அதைத்தான். "எல்லாம் நல்லா கீறீங்களா? அத மொதல்ல சொல்லு. மத்த கதைய அப்பால பேசலாம்" என்பாய். அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்ற கதை.

நீ போய் பத்து மாதம் ஆகிறது. உன் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீன் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, அம்பத்தூரிலிருந்து பஸ் பிடித்து, பருத்திப்பட்டில் எங்கள் பிளாட்டுக்கு வந்துவிடுகிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், இப்போது ஜன்னலோர சீட்டுக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்கிறாராம். போன வாரம் சங்கரா மீன். புளி கொஞ்சம் தூக்கல். நான் சொல்லவில்லை, நீ இருந்தால் சொல்லியிருப்பாய்.

உன்னைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச், விருது வாங்கியவர், ஆவடியின் பெருமை, இப்படி. எல்லாவற்றையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஒன்றில்கூட அப்பா இல்லை. நானும் இல்லை. நான் இல்லாதது ஒருவகையில் நல்லதுதான், நான் உன்னிடம் நடந்துகொண்டது பத்திரிகையில் போடும்படியாக இல்லை. ஆனால் அப்பா இல்லாமல் உன் கதையை எப்படி ஆரம்பிப்பது?

வெள்ளானூரில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட அப்பா, வயலெல்லாம் மனைகளாக ஆன பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெட்டி தூக்கப் போனார். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட டீமில் ஒருத்திக்கு அம்மை போட்டுவிட்டது, ஆள் குறைந்தது, வகுப்பிலேயே நீதான் உயரம் என்று உன்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று உனக்குத் தெரியாது. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாய். மைதானமே சிரித்தது. நான் சிரித்ததுதான் உனக்கு ஆத்திரம். அடுத்த நாளிலிருந்து ஒரு நாள்கூட நீ பயிற்சிக்குப் போகாமல் இருந்ததில்லை.

அப்பா முதல்முதலில் உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தது ஆவடியில் நடந்த ஒரு போட்டிக்கு. கம்பெனி காக்கிச் சட்டையோடு கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் கேட்டார். "ஏம்மா, அவ்ளோ கஷ்டப்பட்டு அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து பந்தப் புடுங்கின. அப்புறம் இன்னாத்துக்கு இன்னொருத்திகிட்ட குட்த்துட்ட?"

"அவ கூடைக்குக் கிட்ட நின்னுகினு இருந்தா, நைனா."

அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கை கழுவப் போகும்போது "அப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு நீ எத்தனை டீமுக்குக் கோச்சாகப் போனாயோ, அத்தனை டீமுக்கும் முதல் நாள் இந்தக் கதையைத்தான் சொன்னாயாம். உன் காரியத்துக்கு வந்த பெண்கள் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர்களுக்கெல்லாம் நம் அப்பாவைத் தெரிந்திருந்தது, அக்கா.

பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை, மாநில அணி, இரண்டு தடவை இந்திய அணி. அப்புறம் ஒரு ஆட்டத்தில் முழங்கால் முட்டி போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் இனி ஆட முடியாது என்று சொன்னபோது நீ அழவில்லை, மாமாதான் அழுதார். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "நீ இன்னாத்துக்கு அழுவற? முட்டி என்னுது" என்றாய். அடுத்த வருஷம் அதே முட்டியோடு பாட்டியாலாவுக்குக் கோச் படிப்புக்கு ரயில் ஏறினாய். ஒரு வார்த்தை இந்தி தெரியாது. குளிருக்கு ஒரே ஒரு ஸ்வெட்டர், அதுவும் மாமாவுடையது.

கோச் ஆன முதல் சில வருஷங்கள் உன்னைத் தண்ணீர் பாட்டில் எண்ணத்தான் விட்டார்கள். ஆண் கோச்கள் பேசும்போது நீ பின்னால் நிற்க வேண்டும். நீ நின்றாய். நின்றுகொண்டு எல்லோருடைய ஆட்டத்தையும் நோட்டில் எழுதினாய். உன் பீரோவில் அப்படி ஐம்பது நோட்டாவது இருக்கும், மாமா ஒன்றையும் எடைக்குப் போட விடவில்லை.

இந்திய அணி உன் கைக்கு வந்தபோது கேரளா, பஞ்சாப், சத்தீஸ்கர் என்று பல ஊர்ப் பெண்கள், ஒருத்தி பேச்சு ஒருத்திக்குப் புரியாது. ஆட்டத்தின் நடுவே நின்று இங்கிலீஷில் வாக்கியம் யோசிக்க யாருக்கு நேரம்? நீ அவர்களுக்குத் தமிழில் ஒரு நாற்பது வார்த்தை கற்றுக் கொடுத்தாய். இந்தா, வா, உடு, தள்ளு, பின்னால பாரு. உன் டீம் உலகத்தில் எங்கே ஆடினாலும் "உடு, உடு" என்று கத்திக்கொண்டுதான் ஆடியது. எதிரில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. டி.வி.யில் வர்ணனை செய்தவருக்கும் புரியவில்லை. ஆவடியில் உட்கார்ந்து பார்த்த எங்களுக்குத்தான் புரிந்தது.

இவ்வளவு பெருமையாக எழுதுகிறேனே, உன் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றியை நான் பார்க்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்போது என் மகள் நிவேதாவுக்கு இருபத்திரண்டு வயது. பெரியம்மாவைப் பார்த்து ஆடத் தொடங்கி, கல்லூரி அணி, மாநில அணி என்று ஏறி, பெங்களூரில் நடந்த இந்திய கேம்ப் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே இருந்தவர்களில் பன்னிரண்டு பேர்தான் பாங்காக்கில் நடக்கிற போட்டிக்குப் போக முடியும். எங்கள் பிளாட்டில் நாற்பத்தெட்டு வீடு, அத்தனை வீட்டுக்கும் நான் சொல்லியிருந்தேன். திருநெல்வேலிக்காரர், கோயம்புத்தூர்க்காரர் எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற வழியில் நின்று விசாரிப்பார்கள். குமணன்சாவடியில் போய் புதுப் பெட்டி வாங்கி வைத்திருந்தேன், சக்கரம் வைத்தது, நீல நிறம். பெரியம்மாவே கோச். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பட்டியல் போனில் வந்தது. மூன்று தடவை படித்தேன். அவள் பெயர் இல்லை.

உனக்குப் போன் போட்டேன். பின்னால் பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. "பொண்ணுங்க கிரவுண்டுல கீறாங்க, ராத்திரி பேசறேன்டி" என்றாய். நான் ராத்திரி வரைக்கும் காத்திருக்கவில்லை. "அவ மேல வந்துட்டா உன்னப் பத்தி யாரும் பேச மாட்டாங்கன்னு பயந்துட்ட" என்றேன். பந்துச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நீ, "சரி, வசந்தா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

பாங்காக்கில் உன் பெண்கள், தங்களைவிட ஒரு தலை உயரமான அணியை, அதுவரை நாம் ஜெயித்தே இராத அணியை, இரண்டு புள்ளியில் ஜெயித்தார்கள். என் வீட்டுக்காரர் உள்ளறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தார். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிறகு டெல்லியில் உனக்கு விருது கொடுத்தபோது எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாய். நான் போகவில்லை. முதுகு வலி என்று சொல்லி அனுப்பினேன். மாமா புது வேட்டியோடு தனியாகப் போய், நீ மேடை ஏறுகிற படத்தைப் பாதித் தலையோடு எடுத்து வந்தார்.

இரண்டரை வருஷம், அக்கா. விசேஷங்களில் பார்த்தோம், ஒரே பந்தியில் சாப்பிட்டோம், பேசவில்லை. மாமாதான் தூக்குவாளியோடு இரண்டு வீட்டுக்கும் நடுவில் அலைந்தார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. வருவார், குழம்பை வைப்பார், போன வாரத்துப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார்.

நிவேதா என்னைப்போல் இல்லை. நீ ஊர் திரும்பிய இரண்டாம் நாளே தனியாக அம்பத்தூர் வந்து உன்னிடம் நேராகக் கேட்டுவிட்டாள். நான் ஊரெல்லாம் அவள் பதிமூன்றாவது ஆள், ஒரே இடத்தில் தவறிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் உன்னிடம், "பெரியம்மா, நான் பதிமூணாவதா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இல்லம்மா. நீ பதினஞ்சாவது."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அவள் சிரித்தாள். "அம்மா, எனக்கு நிம்மதியா இருக்கு. பதிமூணுன்னு சொல்லியிருந்தா இன்னும் நாலு வருஷம் அது பின்னாடியே ஓடிட்டு இருந்திருப்பேன்." நீ நோட்டை எடுத்துக் காட்டினாயாம். அவள் ஆட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம். மற்றவர்கள் பந்தைப் பார்க்கும்போது இவள் எல்லோருடைய காலையும் பார்க்கிறாள், யார் எங்கே தப்பு செய்தார்கள் என்று சரியாகச் சொல்கிறாள், ஆனால் பார்த்துக்கொண்டே நிற்பதால் நகரப் பிந்துகிறாள் என்று எழுதியிருந்தாய். அவள் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அறைக்குள் இருந்தாள். மூன்றாம் நாள் வெளியே வந்து நடுவர் பரீட்சை எழுதப் போகிறேன் என்றாள்.

வாழ்நாள் முழுக்க நீ சண்டை போட்ட ஆட்கள் நடுவர்கள்தான். மாமா சொல்லித்தான் உனக்கு விஷயம் தெரிந்தது. "நம்ம ஊட்லயேவா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாயாம்.

இந்திய அணியை விட்டு விலகி, நீ மாநில அணிக்குக் கோச்சாக இருந்தபோதுதான் அது நடந்தது. சென்னையில் ஒரு அழைப்புப் போட்டி. நிவேதா மேசை வேலைக்குத்தான் போயிருந்தாள், புள்ளி எழுத. உன் ஆட்டத்துக்கு வந்திருந்த நடுவர் ஒருவருக்குக் காலையில் வயிற்றுப்போக்கு. வேறு ஆள் இல்லை. நிவேதா போட்டி நடத்துகிறவர்களிடம் போய், அது என் பெரியம்மா, நான் நிற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் இரண்டு கோச்சையும் கேட்டார்கள். அந்தப் பக்கத்துக் கோச் ஆட்சேபம் இல்லை என்றார். நீயும் கையெழுத்துப் போட்டாய். வீட்டுக்காரர் என்னை வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார், பெண்ணைப் பார்க்க. உன்னைப் பார்க்க என்று நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மூன்றாவது பகுதியில் உன் டீம் பெண் ஒருத்தி பந்தோடு இரண்டு அடி அதிகமாக வைத்தாள் என்று நிவேதா விசில் ஊதினாள். நீ கோட்டருகே வந்து கத்தினாய். அவள் கையைக் காட்டி உன்னை ஒருமுறை எச்சரித்தாள். நீ நிறுத்தவில்லை. கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்குள் இரண்டு அடி வந்தாய். அரங்கத்தில் பாதிப் பேருக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியும். என் பெண் உன்னை நேராகப் பார்த்து விசில் ஊதி, ஒரு உள்ளங்கைக்கு அடியில் மறு கை விரல்களை நிறுத்தினாள். டெக்னிக்கல் ஃபவுல். அடங்காத கோச்சுக்குக் கொடுக்கிற தண்டனை. எதிர் அணிக்கு ஒரு இலவச வீச்சு, அது கூடையில் விழுந்தது.

நீ அப்படியே நின்றாய். அந்த ஒரு நொடியில் நான் உன்னைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன். அது கீழே இறங்கவில்லை. நீ திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாய். ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. மூன்று புள்ளியில் தோற்றீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி நான் உட்கார்ந்திருந்த வரிசைக்கு வந்தாய். இரண்டரை வருஷம் கழித்து உன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். முன்முடி பூராவும் நரைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"பார்த்தியாடி உம் பொண்ண? என்னியே ஒக்கார வெச்சிட்டா."

"நீ எதுக்குக்கா கோட்டத் தாண்டி வந்த?" என்றேன்.

"தாண்டினது தப்புதான். அவ ஊதினது சரி." முட்டியைத் தடவிக்கொண்டே, "ஆனா அந்த மொத விசில் தப்பு. அவ ஒரு அடிகூட அதிகம் வெக்கல. அத அவகிட்ட சொல்லிடு" என்றாய்.

நான் சிரித்தேன். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையில் முடிந்தது. அன்று போனில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொல்ல வாய் எடுத்தேன். நீ பசிக்கிறது என்றாய், வீட்டுக்குப் போகலாம் என்றாய். என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கேட்காமலே எடுத்துக் குடித்தாய். அவ்வளவுதான் நம் சமாதானம். அதற்குப் பிறகு நமக்கு ஆறு வருஷம் கிடைத்தது. மாமாவின் குழம்பு ஒரே வீட்டில், ஒரே சட்டியில்.

ஒன்று மட்டும் நான் கேட்காமலே விட்டுவிட்டேன். நிவேதா உன் தங்கை மகளாக இல்லாமல் இருந்திருந்தால் அந்த நோட்டில் பதினைந்து என்று எழுதியிருப்பாயா, பன்னிரண்டு என்று எழுதியிருப்பாயா? உனக்கே தெரிந்திருக்குமா? நிவேதாவிடம் ஒரு நாள் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

நீ போன காலையும் உன் மாதிரியே இருந்தது, இழுபறி கிடையாது. காபி குடித்தாய், செய்தித்தாளைக் கேட்டாய், மாமா வாசலில் போய் எடுத்து வருவதற்குள் போய்விட்டாய். அன்று சாயங்காலமே கேரளப் பெண்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் காலைக்குள் பஞ்சாப், சத்தீஸ்கர், எல்லாம். அம்பத்தூரில் உன் தெருவுக்குள் அவ்வளவு உயரமான பெண்கள் ஒன்றாக நின்று யாரும் பார்த்ததில்லை. பஞ்சாப் பெண்ணுக்கு நீ கற்றுக் கொடுத்த நாற்பது வார்த்தையைத் தவிரத் தமிழ் தெரியாது. மாமா ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் டம்ளரில் மோர் கொண்டு வந்து நீட்டி, "இந்தா" என்றாள். அவர் வாங்கிக் குடித்தார்.

பாடையை நாங்கள்தான் தூக்குவோம் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். தெருவில் இரண்டு பேர் அது வழக்கமில்லை என்று முணுமுணுத்தார்கள். மாமா எழுந்து நின்றார். "அவளுக்கு யார் தோள் குடுக்கணும்னு எனக்குத் தெரியும். வாங்கம்மா" என்றார். ஆறு பேர் தூக்கினார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு கை கொடுக்கப் போனார், அவர் தோள் எட்டவில்லை. சுடுகாடு வரைக்கும் அவர்கள் கைமாற்றவே இல்லை.

இப்போது புதுச் செய்தி. நிவேதா அடுத்த மாதம் முதல்முறையாக வெளிநாட்டுப் போட்டிக்கு நடுவராகப் போகிறாள். அலுவலகத்தில் லீவு கொடுத்துவிட்டார்கள். கறுப்பு பேண்ட்டைத் தினமும் இஸ்திரி போடுகிறாள்.

இன்னொன்று. வெள்ளானூரில் நம் அப்பா நாற்று நட்ட பக்கம் வந்திருக்கிற புதுக் குடியிருப்பில், அங்கே குடியிருக்கிறவர்கள் சேர்ந்து பொது இடத்தில் கூடைப்பந்து ஆடுகளம் கட்டுகிறார்கள். போன வாரம் அவர்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். உன் பெயரை வைக்கப் போகிறார்களாம், நுழைவாயிலில் வளைவு, அதில் உன் படம். படம் கேட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். வளைவு இருந்தது, பார்ப்பவர்கள் உட்காரப் படிக்கட்டு இருந்தது, வண்டி நிறுத்த இடம் இருந்தது. பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒரு அறை இல்லை. கழிவறை இல்லை.

கேட்டேன். அவரவர் வீடு பக்கத்தில்தானே என்றார்கள். வெளியூரிலிருந்து ஆட வருகிற பெண் எங்கே போவாள் என்றேன். பேசிவிட்டு வருகிறோம் என்று வரைபடத்தைச் சுருட்டினார்கள். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். உன்னிடமிருந்து அந்த அளவுக்காவது எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகையால் அக்கா, இதை எழுதித் தருகிறேன். உன் படம் என்னிடம்தான் இருக்கிறது, பாதித் தலை இல்லாத நல்ல படம். அங்கே பெண்களுக்குக் கழிவறை கட்டி, தண்ணீர் வந்து, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, நானே உள்ளே போய்ப் போட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் அதைக் கொடுப்பேன். அதுவரை எத்தனை தடவை வந்து கேட்டாலும் காபி மட்டும்தான்.

உன் குட்டைத் தங்கச்சி,
வசந்தா
பருத்திப்பட்டு